ராயபுரத்தில் பழைய வீட்டுக்குப் பெயின்டர் தேடுகிறேன்: மூன்று மதிப்பீடுகளில் எதை நம்புவது?

கல்மண்டபம்_வீடு

அனைவருக்கும் வணக்கம். சென்னை ராயபுரம் கல்மண்டபம் அருகே எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. கீழ்த்தளம் தாத்தா காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை. மாடி பின்னாளில் சிமெண்டில் கட்டியது. தை மாதம் அக்கா மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். அதற்குள் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலாமவர் வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டார். 2,900 சதுர அடி, அடிக்கு 17 ரூபாய், பொருளும் கூலியும் சேர்த்து. பாதிப் பணம் முன்பணம் வேண்டும் என்றார். இரண்டாவது, செல்பேசிச் செயலி வழியாக முன்பதிவு செய்த நிறுவனம். ஒரு தம்பி லேசர் கருவியால் அளந்து, அச்சடித்த மதிப்பீடு தந்தார். வேலைக்கு யார் வருவார்கள் என்று கேட்டதற்கு "எங்கள் குழு" என்பதற்கு மேல் பதில் இல்லை. மூன்றாமவர் எங்கள் பகுதியிலேயே இருக்கும் வயதான மேஸ்திரி. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், சாவியால் கீறிப் பார்த்தார், குளியலறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டார். 2,200 சதுர அடி, அடிக்கு 22 ரூபாய் என்றார். "கீழ் ஹால் சுவரை இப்போது தொட மாட்டேன், முதலில் குளியலறைக் குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள்" என்றும் சொல்லிவிட்டார்.

அடிக்கு 17 ரூபாய்தான் மலிவு என்று வீட்டில் எல்லோரும் முதலாமவர் பக்கம் சாய்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ஓய்வுபெற்ற_பொறியாளர்

தம்பி, முதலில் பெருக்கிப் பாருங்கள். 2,900ஐ 17ஆல் பெருக்கினால் 49,300. 2,200ஐ 22ஆல் பெருக்கினால் 48,400. மலிவு என்று நீங்கள் நினைப்பவர்தான் 900 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். அடிக்கணக்கு விலையைக் குறைத்துச் சொல்லி, பரப்பைக் கூட்டிவிடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வீட்டுக்காரர் அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிற வரை இது நடக்கும்.

ஆகவே அளவை நீங்களே எடுங்கள். கடினமில்லை. 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர்களும் 440 சதுர அடி, மேல்தளம் 120, மொத்தம் 560. கதவு ஜன்னலுக்குக் கழிவு (அந்தப் பரப்பை மொத்தத்திலிருந்து குறைப்பது) உண்டா என்பதில்தான் சண்டை வரும். கட்டட வேலை அளவுகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1200 இதற்கு வழி சொல்கிறது. அரைச் சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்தை மட்டும் கழிப்பார்கள். மறுபக்கம், திறப்பின் பக்கவாட்டு விளிம்புகளுக்கு ஈடாக விடப்படும். உங்கள் மேஸ்திரி வேறு வழக்கம் வைத்திருந்தாலும் குற்றமில்லை. வேலை தொடங்கும் முன்பே, என்ன வழக்கம் என்பதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் எழுதிய அத்தனை வரிகளிலும் என் கண்ணில் பட்டது, குளியலறை எங்கே என்று அவர் கேட்ட அந்தக் கேள்விதான். வண்ணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுவரைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். என் வாக்கு அவருக்கு.

டோல்கேட்_குடித்தனம்

பெயின்ட் யார் வாங்குவது என்பதையும் கேளுங்கள். வாளிக்குள் டோக்கன் இருக்கும், இப்போது செல்பேசியில் ஸ்கேன் செய்யும் குறியீடும் வருகிறது. அது பெயின்டருக்கு நிறுவனம் தரும் பணம். எந்த நிறுவனத்தில் டோக்கன் அதிகமோ அதையே நல்ல பெயின்ட் என்று சொல்வார்கள். பொருளை நீங்களே கடையில் வாங்கி, பில்லும் உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள்.

சாரம்_மேஸ்திரி

வணக்கம். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், வண்ணாரப்பேட்டை பக்கம். டோக்கன் விஷயத்தில் சகோதரர் சொல்வதில் பாதி உண்மை. டோக்கனுக்காக ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் டோக்கன் பெயின்டருக்கென்றே நிறுவனம் வைப்பது, அதை எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது. வீட்டுக்காரருக்கு உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தண்ணீர்.

எமல்ஷனில் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்று வாளியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஊற்றினால் அடித்த அன்று ஒன்றும் தெரியாது, சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். ஆறு மாதத்தில் கை பட்ட இடமெல்லாம் மாவு மாதிரி ஒட்டும். இதைப் பிடிக்க நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. வாளிக் கணக்கு போதும். பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) பார்த்து வழவழப்பாக்கிய உள்சுவரில், இரண்டு கோட்டிங்குக்கு ஒரு லிட்டர் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரை வரும். அந்த 2,200 சதுர அடியையும் உள்சுவராகவே வைத்துக்கொண்டால், 20 லிட்டர் வாளி ஒன்று ஏறக்குறைய தீர வேண்டும். பத்து லிட்டரிலேயே வேலை முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மீதியை ஈடுகட்டியது குழாய்த் தண்ணீர். வெளிச்சுவர் சொரசொரப்பாக இருப்பதால் அங்கே பெயின்ட் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். காலி வாளிகளை வேலை முடியும் வரை மாடியில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அடுத்தது பட்டி. மதிப்பீட்டில் "பட்டி உண்டு" என்று ஒரே வரி இருந்தால் ஏற்காதீர்கள். முழுச் சுவருக்கும் பட்டியா, ஓட்டை விரிசலுக்கு மட்டுமா? எத்தனை கோட்டிங்? பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டா, அதன் மேலேயேவா? உப்புத்தாள் தேய்ப்பது உண்டா, அதற்குப் பிறகு பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) உண்டா? எங்கள் உழைப்பில் பெரும்பங்கு சுரண்டுவதிலும் தேய்ப்பதிலும் போகிறது. விலையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். கடைசிக் கோட்டிங் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடியில் இருப்பதைத்தான் நீங்கள் பார்க்க முடியாது.

முன்பணம் பாதி என்பது அதிகம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால், ஆட்களுக்கு முதல் சில நாள் கூலி வருகிற அளவு முன்பணம் போதும். பிறகு பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட்டிங் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவரையும் பார்த்து, விட்டுப்போன இடங்களைச் சரிசெய்த பிறகு கொடுங்கள். ஆனால் அன்றே கொடுத்துவிடுங்கள் ஐயா. வேலை முடிந்த பின் அந்தக் கடைசிப் பணத்துக்காக எங்களை அலைய விடும் வீடுகளும் இருக்கின்றன. நான் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும்.

எர்ணாவூர்_கடற்கரை

பெயின்டர் செல்பேசியில் காட்டும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேற்று அடித்த வீடு எல்லாமே அழகுதான். இரண்டு மழைக்காலம் பார்த்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் கடலைப் பார்த்த கிழக்குச் சுவரையும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதியையும் போய்ப் பாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் ஒரு பெயின்டரின் தரம் அங்கேதான் தெரியும். அந்த வீட்டுக்காரரிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: பேசிய தொகைக்கு மேல் எதற்காவது பணம் கேட்டாரா? பிறகு ஏதாவது உரிந்தபோது கூப்பிட்டால் வந்தாரா?

ஜன்னல் கம்பிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. உப்புக்காற்றில் முதலில் போவது அவைதான். துருவின் மேலேயே எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) அடித்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். தேய்த்த கம்பியை இரவு முழுக்க அப்படியே விட்டால் காலையில் மறுபடியும் செம்மை பூத்திருக்கும். இரும்பு வேலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்.

மணலி பக்கத்து உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: கரி படிந்த வெளிச்சுவரைக் கழுவிக் காயவிடாமல் நேராகப் பிரைமர் அடிப்பவரை வைத்துக்கொள்ளாதீர்கள். பெயின்ட் சுவரில் ஒட்டாது, கரியில்தான் ஒட்டும்.

கொருக்குப்பேட்டை_மாடிவீடு

நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. எங்களுக்கு வேலையின் தரத்துக்குச் சமமான கேள்வி, யார் உள்ளே வருகிறார்கள் என்பது. செயலி நிறுவனத்தை நாங்கள் வைத்துப் பார்த்தோம். அளந்தவர் ஒருவர், மேற்பார்வை என்று வந்தவர் வேறொருவர், வேலை செய்தவர்கள் நாளுக்கு நாள் மாறினார்கள். ஹாலில் முதல் கோட்டிங் ஒருவர், இரண்டாவது இன்னொருவர், இருவரின் கைப்பதமும் சுவரில் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் புகார் சொன்னதும் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கேட்பவை: வேலைக்கு வரும் எல்லோருடைய பெயரும் எண்ணும், தலைமைப் பெயின்டரின் அடையாள அட்டை நகல், ஆள் மாறினால் முதல் நாளே தகவல். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்பேன். 1994இல் தொடங்கிய வாரியம், பெயின்டர்களும் அதில் பதிவு செய்யலாம். அட்டை இல்லாதவர் மோசமான பெயின்டர் என்று அர்த்தமில்லை. ஆனால் தன் ஆட்களைப் பதிவு செய்து வைத்திருக்கும் மேஸ்திரி பொறுப்பானவராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் ஒரு அறையை முழுவதும் முடித்துப் பூட்டிய பிறகு அடுத்த அறையைத் தொடங்கச் சொல்லுங்கள். வேலை சில நாள் நீளும். பரவாயில்லை.

கல்மண்டபம்_வீடு

எல்லோருக்கும் நன்றி. இன்று நாடா எடுத்து அளந்தேன், 2,200க்குக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. முதலாமவர் பட்டியலிலிருந்து போய்விட்டார்.

இப்போது கீழ்த்தளம்தான் கவலை. ஹால் சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை வெள்ளையாக உப்புப் பூத்து, பழைய டிஸ்டெம்பர் உரிந்து விழுகிறது. செயலி நிறுவனத்தின் மதிப்பீட்டில் "நீர்த்தடுப்புப் பட்டி" என்று தனித் தொகை போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி அது வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

சுண்ணாம்புச்சுவர்

மேஸ்திரி சொல்வதுதான் சரி. சவுக்கார்பேட்டையில் எங்கள் குடும்பத்து வீட்டிலும் இதே காரைச் சுவர்தான், ஆகவே உறுதியாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புள்ளது. அந்தக் காலத்தில் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு வைக்காத வீடுகளில் தரை ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்பின் வழியே காற்றில் போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பட்டியும், மூச்சு விடாத எமல்ஷனும் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இன்று மூன்றடியில் இருப்பது நான்கைந்து அடிக்குப் போகும். உப்பு பட்டிக்குப் பின்னால் சேர்ந்து, பட்டியைப் பாளம் பாளமாகத் தள்ளும்.

அந்தச் சுவருக்கு வெள்ளையடியுங்கள். உண்மையான வெள்ளையடிப்பு, நன்றாக ஊறிய சுண்ணாம்பில். சென்னையின் பழைய வீடுகள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் நின்றவை. இதில் கை பழகியவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பீர்கள், எத்தனை முறை அடிப்பீர்கள்? தெரிந்தவர் மெல்லிய கோட்டிங்காக மூன்று முறை என்பார், அடிக்கும் முன் சுவரை நனைப்பேன் என்பார். ஒரே கோட்டிங்கில் கெட்டியாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், உதிர்ந்துவிடும்.

பழைய கதவு, ஜன்னல் சட்டங்கள் இருக்குமே, அவற்றைப் பற்றியும் எச்சரிக்கிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்து எனாமலில் ஈயம் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், தூளை ஈரத் துணியால் எடுக்க வேண்டும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடவே கூடாது. பெயின்டர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் அவர் நலனுக்குத்தான்.

டோல்கேட்_குடித்தனம்

சுண்ணாம்பு அடித்தால் உடையில் ஒட்டும். நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் பட்டுப்புடவையோடு சாய்வார்கள். இன்றைக்கு எத்தனையோ நீர்த்தடுப்புப் பொருட்கள் வந்துவிட்டன. அவற்றை வேண்டாம் என்பது பழைமைப் பிடிவாதமாகத் தெரிகிறது.

பெரம்பூர்_ஓய்வுபெற்ற_பொறியாளர்

பிடிவாதம் இல்லை சகோதரரே. மாடியில் சிமெண்ட் சுவர், அங்கே பட்டியும் எமல்ஷனும் தாராளமாக அடிக்கலாம். கீழ்த்தளத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பொருளைப் பூசினாலும் பணம் வீண். நீர்த்தடுப்புப் பட்டி, ஈரம் நுழையும் பக்கத்தில் வேலை செய்யும். சுவரின் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வரும் ஈரத்தின் முன் அது நிற்காது.

கல்மண்டபம் தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள். கையகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் நாடா ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் என்றால் அறைக்காற்றில் இருக்கும் ஈரம். குழாயைச் சரிசெய்வதற்கு முன் ஒரு முறை, சரிசெய்து சுவர் காய்ந்த பின் ஒரு முறை பாருங்கள். கசிவு நின்றும் ஈரம் குறையவில்லை என்றால் அது தரையிலிருந்து ஏறுவது, அதற்குப் பெயின்டரிடம் மருந்து இல்லை. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளிவிடுங்கள்.

புடவைப் பிரச்சினைக்கு, நன்றாக ஊறிய சுண்ணாம்பை மெல்லியதாக அடித்தால் ஒட்டுவது மிகவும் குறையும். விழா நாளில் அந்தப் பக்கம் நாற்காலி போடாமல் விட்டால் தீர்ந்தது.

எர்ணாவூர்_கடற்கரை

வெளிச்சுவர் வேலை இருந்தால் சாரத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். நம் பக்கத்துத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் சாரக்கால் ஊன்றாமல் வேலை நடக்காது. அவர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள், பெயின்டரை அனுப்பாதீர்கள். மின்கம்பி அருகே இரும்பு ஏணி வைக்க விடாதீர்கள். கயிற்று ஊஞ்சலில் இறங்குபவருக்குப் பாதுகாப்பு இடுப்புவார் இருக்கிறதா என்று பாருங்கள். "எனக்குப் பழக்கம் ஐயா" என்பார்கள். பழக்கமானவர்கள்தான் விழுகிறார்கள். இடுப்புவார் இல்லாமல் மேலே ஏற வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமையும் கடமையும் உண்டு.

கொருக்குப்பேட்டை_மாடிவீடு

உத்தரவாதம் என்று யாராவது சொன்னால், யாருடைய உத்தரவாதம் என்று கேளுங்கள். பெயின்ட் நிறுவனம் தருவது, அவர்கள் சொன்ன முறைப்படி அவர்கள் சொன்ன அடுக்குகளோடு அடித்தால்தான் செல்லும். பில் இல்லாமல் பேச்சே இல்லை. பெயின்டர் தருவது தனி, அதை அவர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். தகராறு முற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

கல்மண்டபம்_வீடு

மேஸ்திரியிடம் பேசி முடித்துவிட்டேன். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். அறைவாரியான அளவு, மாடியில் முழுப் பட்டி இரண்டு கோட்டிங், பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. கீழ்த்தளத்தில் கசிவைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு. கம்பிகளைத் தேய்த்த அன்றே பிரைமர். பொருள் என் பெயரில் பில், பணம் நான்கு பங்காக. தரைக்குத் துணி விரிப்பதும், சிந்தியதைத் துடைப்பதும்கூட எழுதினோம். வெளிச்சுவரையும் ஐப்பசிக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பெயின்ட் கலக்கப் பயன்படுத்த மாட்டேன், மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) பிடித்து வையுங்கள் என்றும் சொன்னார். இரண்டுக்கும் காரணம் கேட்க நேரமில்லை.

சாரம்_மேஸ்திரி

இரண்டிலும் அவர் சொல்வதுதான் சரி ஐயா. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அடித்து சில மணி நேரத்தில் மழை விழுந்தால் வெளிச்சுவரில் பெயின்ட் கோடு கோடாக வழியும். மழை இல்லாத நாளிலும் சுவர் உள்ளே ஈரமாகவே இருக்கும். இப்போது மாடி உட்புறத்தை முடியுங்கள். மார்கழியில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு கீழ்த்தளத்தைச் செய்யலாம். வெளிச்சுவர் நிச்சயதார்த்தம் முடிந்து மாசியில் இருக்கட்டும், வாசல் முகப்பை மட்டும் பொங்கலுக்கு முன் நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடித்துக் கொள்ளலாம். பொங்கல் நெருங்கினால் எங்கள் யாருக்கும் ஆள் கிடைக்காது, ஆகவே தேதியை இப்போதே பேசி வையுங்கள்.

தண்ணீர் விஷயம்: ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்புநீர். அதில் பட்டி குழைத்தால் நீங்களே சுவருக்குள் உப்பை வைத்துப் பூசியதாகிவிடும். இரண்டு டிரம் நல்ல தண்ணீர் பிடித்து, மூடி வைத்துக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மிச்சம் வாங்கி, டப்பாவின் மேல் நிற எண்ணையும் எந்த அறை என்பதையும் எழுதி வையுங்கள். விழாவுக்கு நாற்காலி, சோபா நகர்த்தும்போது சுவரில் கட்டாயம் கீறல் விழும்.